ஓர் ஆளுக்கு ஒரு கோட்டை

கோகிலவாணி அந்த விளையாட்டுக்குள் வந்தது அவள் கணவன் ராஜாங்கத்தால்தான். அவன் டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போகிறவன். வெட்டு சீசனில் மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலிலிருந்து டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். வரிசை நகரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. பக்கத்து டிராக்டர்காரன் எவனோ 'ஏழு கோட்டை' என்ற விளையாட்டை ராஜாங்கத்தின் போனில் ஏற்றிக் கொடுத்தான். ராஜாங்கமும் தன் பெயரைப் போட்டு, தன் நம்பரைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கினான். அந்த சீசன் கரும்பு முடிவதற்குள் அவனுக்கு அலுத்துப்போனது.

"நான் கட்டிக்கினே கீறேன், எவனோ வந்து இடிச்சிக்கினே கீறான். உனக்கு வேணும்னா பாரு," என்று புதுப் போன் வாங்கிய கையோடு பழைய போனை மனைவியிடம் தள்ளிவிட்டான்.

கோகிலவாணி அப்போது ஊர்ப் பால் சொசைட்டியில் பால் சோதிக்கிற வேலைக்குச் சேர்ந்த புதிது. சங்கராபுரத்திலிருந்து மலைப்பக்கமாகப் போகிற ரோட்டில் ஏரிக்கரையை ஒட்டி அந்தக் கட்டடம். காலையில் கறவை முடிந்ததும் ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். இடைப்பட்ட பகல் முழுக்க அவளும் குளிரூட்டும் இயந்திரத்தின் உறுமலும்தான். பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சமைத்து வைத்துவிட்டு வந்தால் வேறு வேலை கிடையாது. அப்படித்தான் அந்தப் போனைத் திறந்து பார்த்தாள்.

ஏழு கோட்டையின் கதை எளிதானது. ஒரு பெரிய வரைபடம். அதற்கு 'உலகம்' என்று பெயர்; இப்படிப் பல உலகங்கள் உண்டு. நடுவில் ஏழு பெருங்கோட்டைகள். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் எல்லாருக்கும் வரைபடத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு மண்கோட்டை கிடைக்கும். அதைக் கட்டி, படை சேர்த்து, கூட்டாளிகளோடு அணி அமைத்து நடுவை நோக்கி நகர வேண்டும். சில மாதங்களில் பருவம் முடியும்போது எந்த அணியிடம் அதிகப் பெருங்கோட்டைகள் இருக்கின்றனவோ அது ஜெயித்தது. பிறகு எல்லாம் அழிக்கப்படும். ஜெயித்தவனும் தோற்றவனும் மறுபடி மண்கோட்டையில் இருந்துதான் தொடங்க வேண்டும். பல வருஷங்களாக இப்படியே ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு அது.

கோகிலவாணியைப் பிடித்துக்கொண்டது அந்த மண்கோட்டைதான். அவள் பார்த்த எந்த இடத்திலும் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று தொடங்கியதில்லை. பன்னிரண்டாவதில் பள்ளியிலேயே நல்ல மார்க் வாங்கியவளுக்கு, கல்லூரி விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே கல்யாணம் முடிந்துவிட்டது. அதற்காக அவள் அழுது புலம்பியவளும் அல்ல. ஆனால் இந்த உலகத்தில் யாருக்கும் அப்பன் சொத்து இல்லை, யாரும் யாருக்கும் மாமன் மச்சான் இல்லை, புத்தி இருந்தால் போதும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

அவளுக்குப் புத்தி இருந்தது. எதிரியின் படை எந்தப் பக்கம் வரும் என்று அவன் கோட்டை கட்டுகிற விதத்திலேயே கணித்துவிடுவாள். பொறுமையும் இருந்தது. அக்கம்பக்கத்து மாவட்டத்து ஆட்கள் சேர்ந்து வைத்திருந்த 'கல்வராயன்' என்ற அணியில் சேர்ந்தாள். இரண்டு மூன்று பருவங்களுக்குப் பிறகு பழைய தலைவர் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, எல்லாருமாக அவளைத் தலைவராக்கினார்கள். அவளை என்றால், ராஜாங்கத்தை. கணக்கில் இருந்த பெயர் அதுதானே. கோட்டை விளையாட்டுக்கு ராஜாங்கம் என்பது ஆடுகிறவரே தேர்ந்தெடுத்த புனைபெயர் என்று பலர் நினைத்தார்கள். எல்லாரும் அவளை 'அண்ணே' என்று கூப்பிட்டார்கள். அவள் திருத்தவில்லை. எழுத்தில் மட்டுமே பேசினாள், மைக்கைத் தொட்டதே இல்லை. பெண் என்று தெரிந்தால் பாதிப் பேர் சொல் கேட்கமாட்டார்கள், மீதிப் பேர் வேறு மாதிரிப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அணியில் அவளுக்கு நெருக்கம் மாயவன். சின்னசேலம் பக்கத்து ஆள், லாரி ஓட்டுகிறவன். லாரி இரைச்சலுக்கு நடுவே அவன் அனுப்புகிற குரல் செய்திகளைப் பகலில் தனியாக உட்கார்ந்து கேட்பாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க, எத்தினி பேரு வேணும்? நான் கூட்டியாறேன்" என்பான். ஒரு பருவத்தில் கல்வராயன் அணி ஆறாம் கோட்டையைப் பிடித்து, பெரிய அணிகள் மாறி மாறி மோதியும் விடாமல் காத்தது. அவள் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு மாயவனின் படை வந்து நின்றதால்தான் அது நடந்தது. அந்தப் பருவம் ஜெயிக்கவில்லை. ஆனாலும் அந்தக் காவலை நினைத்தால் கோகிலவாணிக்கு நெஞ்சு நிமிரும்.

அதற்கு அடுத்த பருவங்களில்தான் 'கருடன்' என்ற அணி வந்தது. முதலில் நன்றாக ஆடுகிறவர்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிறகு கோகிலவாணி கவனித்தாள். கருடனில் எண்பது கோட்டைகள் இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே நொடியில் அறுவடை செய்தன, ஒரே நொடியில் படை அனுப்பின. ஒன்றுக்குக்கூடத் தூக்கமோ சாப்பாடோ கிடையாது. கோட்டைகளின் பெயர்களில்கூட ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒரே ஆள், அல்லது இரண்டு மூன்று பேர், ஏதோ மென்பொருளை வைத்து அத்தனை கோட்டைகளையும் ஓட்டுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. அப்படி ஆடக்கூடாது என்று விதி இருந்தது. விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

அவள் புகார் செய்தாள். படங்கள் எடுத்து அனுப்பினாள். 'உங்கள் புகாருக்கு நன்றி, நியாயமான ஆட்டமே எங்கள் உயிர்மூச்சு' என்று அடுத்த நிமிஷமே பதில் வந்தது. மறுபடி அனுப்பினாள். அதே பதில் வந்தது. கருடன் அந்தப் பருவமும் ஜெயித்தது, அடுத்ததும் ஜெயித்தது.

அவளை வாட்டியது தோல்வி அல்ல. மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் போனதுதான். முன்பெல்லாம் உலகத்தின் பொதுப் பேச்சுப் பலகையில் சண்டை ஓயாது. சவால் விடுவார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள், ஒருவன் தோற்றால் ஒப்பாரி வைத்துக் கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அந்த வசவுகள் பிடிக்காது. இப்போது பலகையைத் திறந்தால் யார் எவ்வளவு அறுவடை செய்தார்கள் என்ற தானியங்கி அறிவிப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வசவாவது இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆட்கள் போய்விடவும் இல்லை. தினமும் வந்தார்கள். வந்து, விளைந்ததை அள்ளிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள்.

"எல்லாரும் சேந்து புகார் குடுத்தா கம்பெனிக்காரன் பார்த்துதான ஆவணும்," என்று அணிக்குள் எழுதினாள்.

"உடுங்கண்ணே," என்றான் ஒருவன். இன்னொருவன் கைகூப்புகிற படம் போட்டான். மற்றவர்கள் படித்ததற்கான அடையாளம் மட்டும் தெரிந்தது.

இந்த நிலையில்தான் கம்பெனி 'வீரர் மன்றம்' என்று ஒன்றை அறிவித்தது. ஒவ்வோர் உலகத்திலிருந்தும் வீரர்களே ஓட்டுப் போட்டு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர்கள் சொல்வதைக் கம்பெனி கேட்டு விதிகளை மாற்றும். கோகிலவாணி அன்றைக்கே பெயர் கொடுத்தாள். அவள் வைத்த கோஷம் 'ஓர் ஆளுக்கு ஒரு கோட்டை'. ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் அரசு அடையாள அட்டையைக் காட்டி, கேமரா முன்னால் முகத்தைத் திருப்பிக் காட்டி, நான் ஓர் ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். ஒரு முகத்துக்கு ஒரு கோட்டை. அவ்வளவுதான். அதை விளக்கி, பகலெல்லாம் உட்கார்ந்து ஒவ்வோர் அணித் தலைவருக்கும் தனித்தனியாக எழுதினாள். பதில் எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அவளை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. கருடன்காரர்கள்கூட நிற்கவில்லை. ஓட்டுப் பதிவான அன்று பார்த்தால், ஆயிரக்கணக்கில் கோட்டை இருந்த உலகத்தில் ஒரு மினிபஸ் நிறைகிற அளவுக்குத்தான் ஓட்டு விழுந்திருந்தது. கல்வராயன் அணியிலேயே பாதிப் பேர் போடவில்லை.

"போட்டிருந்தாலும் நீங்கதான்ணே ஜெயிச்சிருப்பீங்க," என்று மாயவன் சமாதானம் சொன்னான். அவனும் போட்டிருக்கவில்லை.

மன்றத்தில் மாதம் ஒரு தரம் எழுத்து வழியாகக் கூட்டம் நடந்தது. பாதி இடங்கள் காலியாகவே இருக்கும். வந்தவர்கள் புதுக் கொடி வேண்டும், குதிரைக்கு வேறு நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். கோகிலவாணி ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த ஒரே விஷயத்தைத்தான் எழுதினாள். கம்பெனியின் சார்பில் பேசிய ஆள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். வருஷம் திரும்புகிற சமயம் திடீரென்று அறிவிப்பு வந்தது: அடுத்த பருவம் முதல் எல்லாரும் முகம் காட்டியாக வேண்டும். மன்றத்தின் கோரிக்கையை ஏற்று என்று எழுதியிருந்தார்கள். ராஜாங்கம் என்ற பெயரையும் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பால் ஊற்ற வந்த இருசம்மாள், கூலி வேலைக்குப் போய்வந்து ஒரு மாட்டையும் வைத்துச் சமாளிக்கிறவள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னா கோகிலாம்மா, மூஞ்சி பளபளன்னு கீது? பொண்ணுக்கு எதுனா நல்ல சேதியா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு விசயம் ரொம்ப நாளா கேட்டுக்கினு இருந்தேன். இன்னிக்கு குடுத்துட்டாங்க."

"ரேசன் கார்டா?"

கோகிலவாணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த விளையாட்டால் அவள் மனம்விட்டுச் சிரித்தது அதுவே கடைசி.

புதுப் பருவம் தொடங்கும் முன் அவள் போனிலும் அந்தக் கட்டளை வந்தது. கணக்கில் உள்ள பெயருக்கான அடையாள அட்டை, அட்டையில் உள்ளவரின் முகம். அதைப் படித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை காலம் மற்றவர்களின் முகங்களையே நினைத்துக்கொண்டிருந்தவள், தன் முகத்தை நினைத்துப் பார்க்கவே இல்லை. கணக்கு ராஜாங்கத்தின் பெயரில், ராஜாங்கத்தின் நம்பரில் இருந்தது. பெயரை மாற்றுகிற வசதி கிடையாது. கணக்கை விற்றுவிடுவார்கள் என்று அதைத் தடுத்திருந்தார்கள். அப்படித் தடுக்க வேண்டும் என்று மன்றத்தில் ஒருவர் கேட்டபோது ஆமோதித்தவர்களில் அவளும் ஒருத்தி.

ராஜாங்கத்துக்கு இதில் சிக்கலே தெரியவில்லை.

"எம்பேரு, எங்கார்டு. நான் மூஞ்சிய காட்டறேன், முடிஞ்சிபோச்சி. இதுக்கா சோறு துன்னாம உக்காந்துகினு கீற?"

"ஆடறது நானுங்க. ஆடறவங்கதான் மூஞ்சி காட்டணும்னு சொன்னதே நாந்தான்."

"சொன்னா? அவன் வந்து நம்ம வூட்ல பாக்கப் போறானா?"

அவளால் உடனே முடிவு செய்ய முடியவில்லை. முகம் காட்டுவதற்குச் சில நாள் அவகாசம் இருந்தது. தான் போய்விட்டாலும் அணி நிற்க வேண்டும், அதற்கு மாயவன் பொறுப்பெடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றும் தீர்மானித்தாள். 'நேரில் ஒரு விஷயம் பேச வேண்டும்' என்று எழுதினாள். மெட்ராசுக்கு மக்காச்சோள லோடு போகிறது, உளுந்தூர்பேட்டையில் சாப்பிட நிறுத்துவேன், வாங்கண்ணே என்று ஓட்டல் பெயரைச் சொன்னான். காலைப் பால் முடிந்ததும் அவள் கள்ளக்குறிச்சிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து உளுந்தூர்பேட்டை போய்ச் சேர்ந்தாள்.

ஓட்டலுக்கு வெளியே லாரிகள் நெருக்கியடித்து நின்றன. அவன் சொல்லியிருந்த பச்சை லாரியைக் கண்டுபிடித்து, அதன் அருகில் வேப்ப நிழலில் நின்றவனிடம் போனாள். மெலிந்த ஆள். அவள் கற்பனை செய்து வைத்திருந்த வயதைவிடப் பெரியவன். அவளைத் தாண்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாயவன்தானே?"

"ஆமாங்க. நீங்க?"

"நான்தான் ராஜாங்கம்."

அவன் சிரித்தான். "அண்ணன் வரலீங்களா?"

"அண்ணன்னு யாரும் கெடையாது. ராஜாங்கம் எங்க வூட்டுக்காரர் பேரு. இத்தினி வருசமா உங்ககூட ஆடுனது நாந்தான்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கோபப்படுவான், ஏமாற்றிவிட்டாய் என்பான், அல்லது கேலி செய்வான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். மாயவன் அவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தான்.

"அப்டீங்களா? சரிங்கக்கா. சாப்டீங்களா?"

அவ்வளவுதான். அவள் வைத்திருந்த பதில்களில் ஒன்றுக்கும் வேலை இருக்கவில்லை.

டீ வாங்கிக்கொண்டு லாரி ஓரமாக நின்று பேசினார்கள். அவள் நடந்ததைச் சொல்லி, அணியை நீங்கள்தான் எடுத்து நடத்த வேண்டும் என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். லாரியின் முன்கண்ணாடியில் அவன் போன் மாட்டியிருந்தது. அதில் ஏழு கோட்டை திறந்திருந்தது. யாரும் தொடாமலே அறுவடை நடந்தது, யாரும் தொடாமலே ஒரு சிறுபடை வெளியே போனது.

"அது இன்னா?"

"ஆட்டோக்கா, தானா ஆடிக்கும். கருடன் பசங்க குடுத்ததுதான். ஸ்டேரிங்க புடிச்சிக்கினு எப்டி ஆடறது, சொல்லுங்க? நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு இதான் போட்டுக்கினு கீறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"எப்பத்திலேர்ந்து?"

"அது கீது ரொம்ப நாளா."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டாள். "ஆறாங்கோட்டைய காத்தமே, அப்ப?"

"அப்பவும் இதாங்க்கா. நீங்க டைம் எழுதிக் குடுப்பீங்க, நான் அதுல ஏத்தி உட்ருவேன். அன்னிக்கு நான் திண்டிவனத்துக்கிட்ட டயர் மாத்திக்கினு இருந்தேன்." ஏதோ தமாஷ் சொன்னதுபோல் சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "இன்னாக்கா, இதுக்குப் போயி. யாரு பாக்கறாங்க இதெல்லாம்? எல்லாரும் ஆடறது இப்டித்தான். நீங்க ஒருத்தர்தான் கையால ஆடிக்கினு இருந்திருப்பீங்க போல."

அவனிடம் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. தப்பு செய்துவிட்டோம் என்று மறைத்திருந்தால்கூட, அது தப்பு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று ஆகியிருக்கும். மாலைப் பாலுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினாள். அவன் பஸ் நிறுத்தம்வரை வந்து, ஏறும்போது, "அக்கா, முகத்த அண்ணனயே காட்டச் சொல்லுங்க. நீங்க இல்லன்னா போரடிச்சிடும்," என்றான். அது உண்மையான அன்போடு சொன்னதுதான்.

அவகாசம் முடிகிற நாள் ராஜாங்கம் லோடுக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். முகம் மழித்து, தலை சீவி, கல்யாணங்களுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெளிச்சமான இடமாகப் பார்த்து ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"எடு போன. எப்டி திரும்பணும் சொல்லு."

அவள் போனை எடுக்கவில்லை. "வேணாங்க."

"இன்னா வேணாம்? நீ இந்த ஆட்டத்துக்கு எப்டி உசுர உட்டுக்கினு இருந்தன்னு எனக்குத் தெரியாதா? ஆல வரிசையில நானே எத்தினி வாட்டி குறுக்க பூந்துகீறேன். அல்லாரும்தான் பூர்றான். பூராதவன் கரும்பு காஞ்சி நிக்கும். நீ ஒருத்தி வரிசையில நின்னா வரிசை சரியாப்பூடுமா?"

"சரியாவாது," என்றாள். "எனக்குத் தெரியுங்க."

"அப்பறம்?"

ஆலை வரிசையைப் பற்றி அவன் சொன்னது முழுக்கச் சரி என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அவனைக் கேமராவைப் பார்க்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அவள் கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். கணக்குத் தொடங்கியவர் என் கணவர், ஆடுகிறவள் நான், என் அட்டையையும் என் முகத்தையும் காட்டத் தயார், பெயரை மாற்றித் தாருங்கள் என்று கேட்டாள். மன்றத்தில் மரியாதையாகப் பேசிய அந்த ஆளின் பெயரைக் குறிப்பிட்டு எழுதினாள். பதில் உடனே வந்தது. 'கணக்கை ஒருவரிடமிருந்து மற்றவர் பெறுவது விதிமீறல் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது. நியாயமான ஆட்டமே எங்கள் உயிர்மூச்சு.' ஒரு மனிதர் படித்து எழுதிய பதிலாக அது இல்லை. மேல்முறையீடு செய்தாள். அதே வாசகம் வந்தது.

ஒரு வாரத்தில் கம்பெனி ஒரு பெரிய அறிவிப்பை வெளியிட்டது. புதிய விதியின்படி மோசடிக் கணக்குகள் களையெடுக்கப்பட்டுவிட்டன, இனி உலகங்கள் தூய்மையானவை என்றது அது. நீக்கப்பட்டவர்களின் பெயர்கள் உலகம்வாரியாகப் போடப்பட்டிருந்தன. அவளுடைய உலகத்தில் தெரிந்த பெயர் என்று பார்த்தால் ஒன்றுதான்: ராஜாங்கம், வீரர் மன்ற உறுப்பினர். 'அப்பவே நெனச்சேன்' என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். வேறு யாரும் எதுவும் எழுதவில்லை.

கருடன் அணியின் கோட்டைகள் அத்தனையும் தேறிவிட்டன. எப்படி என்று பிற்பாடு மாயவனே குரல் செய்தியில் சொன்னான். கருடன் தலைவன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறான். பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் இலை போடுகிற நேரத்தில் வரிசையாகப் போனை நீட்டி, முகத்தை இப்படி அப்படித் திருப்பச் சொல்லியிருக்கிறான். அட்டைகளையும் படம் எடுத்து, அந்தப் பெயர்களிலேயே புதுக் கணக்குகளைத் தொடங்கிக்கொண்டானாம். என்ன, எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். ஒவ்வொரு முகமும் வேறு, ஒவ்வோர் அட்டையும் அசல். அதைவிடத் தூய்மையான கணக்கு எங்கே கிடைக்கும்?

விளையாட்டுக்கு வெளியே அணி வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் கோகிலவாணி எல்லாவற்றையும் விவரமாக எழுதினாள். தான் யார், ஏன் நீக்கப்பட்டாள், இனி அணி என்ன செய்யலாம் என்றெல்லாம். நீளமான செய்தி. ஒருவர் கட்டைவிரல் உயர்த்தினார். புதிதாகச் சேர்ந்த ஒருவர், 'யாரு நீங்க?' என்று கேட்டார். அதற்குக் கீழே யாரோ ரோஜாப்பூ வைத்த காலை வணக்கப் படத்தைப் போட்டார்கள். சில நாள் கழித்து அவள் குழுவை விட்டு வெளியேறினாள். அதையும் யாரும் கேட்கவில்லை.

மன்றத்தில் காலியான அவள் இடத்துக்குத் தேர்தல் அறிவித்தார்கள். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. தேதியைத் தள்ளி வைத்தார்கள். அப்போதும் வரவில்லை. பிறகு, போதிய ஆர்வம் இல்லாததால் மன்றம் கலைக்கப்படுகிறது என்று இரண்டு வரியில் அறிவித்தார்கள். கல்வராயன் அணிக்கு விளையாட்டே தானாக மாயவனைத் தலைவனாக்கியது. அவன் ஆட்டோவில் போட்டுவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். தலைவனுக்கு வந்த எந்தக் கடிதத்தையும் அவன் திறக்கவில்லை.

தோற்றுப்போனவர்கள் பலரும் செய்கிற ஒன்றைத்தான் கோகிலவாணியும் செய்தாள். தன் சொந்தப் பெயரில், தன் அட்டையில், தன் முகத்தைக் காட்டிப் புதுக் கணக்குத் தொடங்கினாள். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு மண்கோட்டை கிடைத்தது. சுற்றிலும் இருந்தவை எல்லாம் கருடனின் கோட்டைகள். முதல் நாளே இடித்துப் போட்டார்கள். மறுபடி கட்டினாள். மறுபடி இடிந்தது. இடித்ததில் பகைகூட இல்லை. பக்கத்தில் எது முளைத்தாலும் இடிக்கும்படி அந்த மென்பொருளில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச காலம் காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் இடையில் அவள் கட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கட்டுவது குறைந்தது. திறப்பாள், விளைந்திருக்கிற கொஞ்சத்தை அள்ளுவாள், மூடிவிடுவாள். ஏன் திறக்கிறோம் என்று யோசிப்பதைக்கூட விட்டுவிட்டாள்.

ராஜாங்கம் ஒருநாள் கேட்டான். "இப்பலாம் ஆடறதில்லியா?"

"ஆடறேன்."

"ஜெயிக்கிறியா?"

"அதுல ஜெயிக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை சங்கராபுரம் போனபோது மல்லிகைப்பூ வாங்கி வந்தான். அவளும் வைத்துக்கொண்டாள்.

கோடையில் ஒரு பகல். மின்சாரம் போய் வந்ததில் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், வழக்கம்போலப் போனைத் திறந்தாள். பொதுப் பலகையில் அறுவடை அறிவிப்புகளுக்கு நடுவே ஒரு வரி இருந்தது. எந்த அணியிலும் சேராத, கேள்விப்படாத பெயர். இன்றோ நேற்றோ தொடங்கியிருக்க வேண்டும்.

'வணக்கம். நான் புதுசு. இங்க யாராச்சும் இருக்கீங்களா? எப்டி ஆடணும்னு சொல்லிக் குடுங்க.'

அந்த வரிக்குக் கீழே அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. கோகிலவாணி பதில் எழுதத் தொடங்கினாள். 'இருக்கிறேன்' என்று எழுதினாள். அடுத்து என்ன எழுதுவது? தெற்குப் பக்கம் கட்டாதே, இடித்துவிடுவார்கள் என்றா? எந்தப் பக்கம் கட்டினாலும் இடித்துவிடுவார்கள். வேறு எங்காவது போய்விடு என்றா? வேறு எங்கே என்று கேட்டால்? புகார் செய் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எழுதியிருந்த அந்த ஒரு சொல்லை அழித்தாள்.

வெளியே யாரோ சைக்கிளிலிருந்து பால் கேனை இறக்குகிற சத்தம் கேட்டது. அவள் போனை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.